55-க்கு 45

புதிய பதிப்பு 55, பழைய பதிப்பு 45. சொந்தமாகச் செஸ் எஞ்சின் எழுதுகிறவர் ஒருவர் அதில் ஒரே ஓர் எண்ணை மாற்றுகிறார். மாற்றியதையும் மாற்றாததையும் ராத்திரி முழுக்க 100 ஆட்டம் மோதவிட்டு, காலையில் வந்து பார்க்கிறபோது திரையில் இந்தக் கணக்கு நிற்கிறது. மனம் துள்ளத்தான் செய்யும். மாற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த யோசனைக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கணக்கு கிட்டத்தட்ட எதையுமே சொல்லவில்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஏன் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த எண் எது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். செஸ்ஸில் ஒரு சாதாரண நிலையில் 30, 35 நகர்வுகள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு அதே அளவு பதில்கள். மாறி மாறி ஐந்து நகர்வு போவதற்குள் எண்ணிக்கை ஐந்து கோடியைத் தொட்டுவிடும். எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம். எஞ்சினின் கெட்டிக்காரத்தனமே எதைப் பார்க்காமல் விடலாம் என்று தீர்மானிப்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. தேடலின் நுனியை நெருங்கும்போது அது தன் நிலைமையை மதிப்பிட்டுப் பார்க்கிறது. தேவையான அளவைவிட ரொம்பக் கீழே கிடந்தால், எதையும் வெட்டாத, செக் வைக்காத ஒரு நகர்வு இதைத் தூக்கி நிறுத்தாது என்று கருதி, அந்த நகர்வைத் தேடாமலே தாண்டிவிடுகிறது. ரொம்பக் கீழே என்றால் எவ்வளவு? ஒரு சிப்பாயின் மதிப்பு 100 என்று வைத்தால், 120 கீழேயா, 150-ஆ, 180-ஆ? நிரலில் அந்த வரியில் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். குறைத்தால் எஞ்சின் இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் சில நல்ல நகர்வுகள் கண்ணிலேயே படாமல் போகும். கூட்டினால் தவறவிடுவது குறையும், ஆழமும் குறையும்.

எது சரியென்று தாளில் கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை. இப்படிப்பட்ட எண்கள் ஒரு எஞ்சினுக்குள் பத்துக்கணக்கில், பெரிய எஞ்சின்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றை அசைத்தால் இன்னொன்றின் சரியான மதிப்பும் நகர்ந்துவிடும். அதனால் ஆடவிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. எத்தனை ஆட்டம் என்பதில்தான் சிக்கல்.

ரேட்டிங் கணக்கை உருவாக்கிய ஆர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர். உலகச் செஸ் கூட்டமைப்பு அவருடைய முறையை 1970-இல் ஏற்றுக்கொண்டது. இப்போது வழங்கும் சூத்திரத்தில், 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலசாலி 10 புள்ளி எடுக்கும்போது மற்றவர் 1 எடுப்பார். அந்தக் கணக்கின்படி 55 சதவீதம் என்பது 35 எலோ. நல்ல முன்னேற்றம்தான், உண்மையாக இருந்தால். ஆட்டங்களில் பாதி டிராவில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே கணக்கை இருபக்கமும் 7 சதவீதம்வரை தள்ளிவிடும். அதாவது உங்கள் 55 உண்மையில் 48-ஆகவும் இருக்கலாம், 62-ஆகவும் இருக்கலாம். எலோவில் சொன்னால், 14 புள்ளி நஷ்டத்திலிருந்து 85 புள்ளி லாபம்வரை எதுவும் பொருந்தும். மாற்றம் எஞ்சினைக் கெடுத்திருக்கவும் கூடும்.

10,000 ஆட்டம் ஆடினால் அந்த இடைவெளி இருபக்கமும் 5 எலோவாகச் சுருங்கும். அதுவும் போதவில்லை. நன்றாக வளர்ந்த எஞ்சினில் ஒரு நல்ல யோசனை தருவது 2 எலோ, 3 எலோதான். 2 எலோவை ஓரளவு நம்பிக்கையோடு பார்க்க 60,000 ஆட்டம் வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசில் கடுகை நிறுத்துப் பார்க்கிற வேலை இது. 100 ஆட்டத்தை வைத்து 3 எலோ மாற்றத்தை ஏற்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு பாதி சரியும் பாதி தவறுமாக எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு வருடம் கழித்து எஞ்சின் ஏன் இருந்த இடத்திலேயே நிற்கிறது என்று புரியாது.

முன்பு இதற்கு வேறொரு குறுக்குவழி இருந்தது. தேர்ந்தெடுத்த சில நிலைகளைக் கொடுத்து, சரியான நகர்வை எஞ்சின் எத்தனையில் கண்டுபிடிக்கிறது என்று எண்ணுவது. இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் தொகுத்த 24 நிலைகள் 1980-களில் பிரபலம். ஃபிரெட் ரெய்ன்ஃபெல்டின் புத்தகத்திலிருந்து எடுத்த 300 நிலைகளை இன்றைக்கும் பலர் புது எஞ்சினுக்கு முதல் சோதனையாகக் கொடுப்பார்கள். நிரலில் பெரிய ஓட்டை இருந்தால் இவை காட்டிக்கொடுக்கும், அந்த அளவில் பயன்தான். ஆனால் ராணியைப் பலிகொடுத்து மேட் செய்யும் நிலைகளுக்கென்று எஞ்சினைத் தீட்டினால், அது ராணிப் பலிகளைத் தேடிக்கொண்டு சாதாரண ஆட்டங்களில் நேரத்தை வீணாக்கும். ஓர் ஆட்டத்தின் பெரும்பகுதி மின்னல் வெட்டும் நிலைகள் கிடையாது. சிப்பாய்களை நகர்த்தி, குதிரைக்கு நல்ல கட்டம் தேடி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குகிற நிலைகள். எத்தனை நிலைகளைத் தீர்த்தது என்பதும் எவ்வளவு நன்றாக ஆடுகிறது என்பதும் சேர்ந்து போவதில்லை என்பதை இந்தத் துறை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது.

ஸ்வீடனில் ஒரு கூட்டம் அதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது. அங்குள்ள செஸ் கணினிச் சங்கம் 1984-இலிருந்து தரவரிசைப் பட்டியல் வெளியிட்டுவருகிறது. அன்றைக்குச் செஸ் கணினி என்றால் பலகையோடு விற்கும் தனிப் பெட்டி. ஒன்றோடொன்று பேசும் வழி கிடையாது. ஆர்வலர்கள் வீட்டில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது சொன்ன நகர்வை அதில் அழுத்தி, அது யோசித்துச் சொன்னதை இதில் அழுத்தி, 40 நகர்வுக்கு 2 மணி நேரம் என்ற போட்டி வேகத்தில் ஆட்டம் ஆட்டமாக நடத்தினார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு முழு மாலை போய்விடும். அந்தப் பொறுமையின்மேல்தான் பிறகு வந்த எல்லாப் பட்டியல்களும் நிற்கின்றன. எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

2000-இல் ஸ்டெஃபான் மேயர்-காலெனும் ருடால்ஃப் ஹூபரும் யூசிஐ என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. எந்த எஞ்சினும் எந்தப் பலகை மென்பொருளோடும் எழுத்து வரிகளால் பேசிக்கொள்ளலாம். இன்று கியூட்செஸ், ஃபாஸ்ட்செஸ் போன்ற இலவச மென்பொருள்கள் ஆளில்லாமல் ஆட்டங்களை நடத்தி, எண்ணி, பிழைவிளிம்போடு கணக்கைச் சொல்லிவிடும். 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடிக் கூடுதலும் என்பது பழகிப்போன வேகம். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை நிமிடம். நான்கு கோர் உள்ள வீட்டுக் கணினியில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் ஓடவிட்டால், ஒரு நாளில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆட்டம் தேறும். அந்த 60,000-க்கு ஒரு வாரம்.

ஏன் மூன்று, நான்கில்லையா என்று கேட்பீர்கள். நான்காவது கோரைக் கணினியின் மற்ற வேலைகளுக்கு விட்டுவைக்க வேண்டும். 0.1 விநாடி கணக்கில் ஓடும் ஆட்டத்தின் நடுவே வைரஸ் தடுப்பு மென்பொருள் எழுந்து வட்டைத் துழாவினால், பாவம், நன்றாக ஆடிக்கொண்டிருந்த பதிப்பு நேரம் தீர்ந்து தோற்கும். முடிவுகளைப் பார்க்கிறபோது முதலில் நேரத்தால் தோற்ற ஆட்டங்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டு போகட்டும். அதற்கு மேலிருந்தால் அந்தச் சோதனையை அப்படியே தூக்கிப்போட வேண்டியதுதான். லேப்டாப்பில் இன்னொரு தொல்லை, சூடு. சூடேறினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கினாலும் குறைத்துக்கொள்ளும். ஒரு நகர்வுக்கு இத்தனை நிலைகளைத்தான் தேடலாம் என்று எண்ணிக்கையை நிலையாக வைத்து ஆடவிட்டால் இந்தத் தொல்லைகள் தீரும். ஆனால் அப்படிச் செய்தால், உங்கள் மாற்றம் எஞ்சினை மெதுவாக்கியிருந்தாலும் அது வெளியே தெரியாது. அதனால் மதிப்பீட்டில் செய்த சிறு மாற்றங்களுக்கு அது சரி. நிரலைக் கனமாக்கும் மாற்றங்களுக்குக் கடிகாரம்தான் வேண்டும்.

இனி ஓப்பனிங். இரண்டு பதிப்புகளையும் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான ஆட்டங்கள்தான் வரும்; ஆயிரம் ஆட்டம் ஆடியும் பத்து ஆட்டத்தின் செய்திதான் கிடைக்கும். அதற்காக ஆயிரக்கணக்கான தொடக்க நிலைகள் கொண்ட கோப்பு ஒன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்குவார்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு தடவை, வெள்ளையும் கறுப்பும் மாற்றி ஆட வேண்டும். அந்த நிலை வெள்ளைக்குச் சாதகம் என்றால் இரண்டு பேருக்கும் ஒருமுறை அந்தச் சாதகம் கிடைத்துவிடும். பலமான எஞ்சின்களுக்கு இதில் ஒரு விநோதம் உண்டு. சமநிலையான ஓப்பனிங் கொடுத்தால் எல்லா ஆட்டமும் டிரா ஆகிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த நிலைகளைக் கொடுக்கிறார்கள். வெள்ளை ஜெயிக்குமா, கறுப்பு தாக்குப்பிடிக்குமா என்ற விளிம்பில் நிற்கும் நிலைகள் அவை. இந்த இரண்டிரண்டு ஆட்டங்களையும் தனித்தனியாக எண்ணாமல் ஜோடியாக எண்ணினால் பிழைவிளிம்பும் குறைகிறது. ஒரு ஜோடியில் 0, ½, 1, 1½, 2 என்று ஐந்து முடிவுகள்தான் சாத்தியம். சாய்ந்த நிலையில் இருவரும் ஆளுக்கு ஒரு வெற்றி எடுத்தால் அது 1; ஓப்பனிங் தந்த தற்செயல் ஏற்றத்தாழ்வு அந்த ஒன்றுக்குள் அடங்கிப்போகிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தவரையும் கவிழ்க்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. அடிக்கடி எட்டிப்பார்ப்பது. ஆட்டங்கள் ஓட ஓட முன்னிலை ஏறி இறங்கும். சாதகமாக இருக்கிற நேரம் பார்த்து நிறுத்தினால், ஒன்றுக்கும் உதவாத மாற்றம்கூடத் தேறிவிடும். சரி, எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு, முடியும்வரை பார்க்காமல் இருக்கலாமென்றால், படுமோசமான மாற்றத்துக்கும் முழு வாரத்தையும் செலவழிக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப்போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வேலைபார்த்தார். ராணுவத்துக்கு வரும் தளவாடங்களைச் சோதிக்கிறபோது, எத்தனையைச் சோதித்தால் நிறுத்தலாம் என்பது அப்போது எழுந்த கேள்வி. ஒவ்வொரு முடிவு வந்ததும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதனால் தவறு கூடாது என்கிற வகையில் ஒரு சோதனையை அவர் வகுத்தார். போர்க்காலத்தில் ரகசியமாக இருந்த அது 1945-இல் வெளிவந்தது. அவருடைய முடிவு நம் பக்கத்து மலையில் நேர்ந்தது. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தவர், 1950 டிசம்பரில் நீலகிரியில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். வயது 48. இன்று உலகமெங்கும் செஸ் எஞ்சின்களில் எந்த மாற்றம் நுழையலாம், எது நுழையக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய கணக்குதான்.

அதன் வேலை இப்படி. இரண்டு கூற்றுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, இந்த மாற்றத்தால் லாபம் 0 எலோ. மற்றது, லாபம் 5 எலோ. ஒவ்வொரு ஆட்ட முடிவும் இரண்டில் எதற்கு எவ்வளவு சார்பாகப் பேசுகிறது என்பதை ஓர் எண்ணாகக் கூட்டிக்கொண்டே போகிறோம். தவறு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால், அந்தக் கூட்டல் +2.94-ஐத் தொட்டதும் மாற்றம் தேறியது, −2.94-ஐத் தொட்டதும் தேறவில்லை. நடுவே இருக்கும்வரை ஆட்டம் தொடரும். அதே உறுதியோடு முன்கூட்டியே எண்ணிக்கையை நிர்ணயித்து ஆடினால் சுமார் 26,000 ஆட்டம் வேண்டும். வால்டின் முறையில், டிரா பாதி என்றும் உண்மை இந்த இரண்டு கூற்றுகளில் ஒன்று என்றும் வைத்தால், சராசரி 13,000-க்குள் முடிந்துவிடும். மாற்றம் 10 எலோ கெடுத்திருந்தால் 3,000-க்குள்ளேயே வெளியே தள்ளிவிடும். யோசனைகளில் பெரும்பாலானவை தோற்கிறவைதான் என்பதால், தோற்பதைச் சீக்கிரம் தோற்கவிடுவதில்தான் வீட்டுக் கணினிக்குப் பெரிய மிச்சம்.

ஆனால் 5 சதவீதத் தவறு என்பதை மறக்கக்கூடாது. பயனில்லாத மாற்றங்கள் 20-ஐச் சோதித்தால் அவற்றில் ஒன்று தேறிவிடும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். 120 தோற்றால் 121, பிறகு 122 என்று தேறும்வரை முயன்றுகொண்டே இருந்தால், தேறுவது எண்ணின் நன்மையால் இருக்காது. இதற்கு மருந்து, குறைந்த வேகத்தில் இரண்டாவது சோதனை. 10 விநாடி ஆட்டத்தில் தேறியதை 60 விநாடி ஆட்டத்தில் மறுபடியும் முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்வது. தற்செயலாகத் தேறியவை இங்கே கழிந்துவிடும். வேக ஆட்டத்துக்கு மட்டும் உதவி, ஆழமாக யோசிக்கிறபோது உபத்திரவமாகிற மாற்றங்களும் கழியும்.

இந்த ஒழுங்கை ஒரு கூட்டு முயற்சியாக்கிய கதைதான் ஸ்டாக்ஃபிஷ். நார்வேயைச் சேர்ந்த டோர்ட் ரோம்ஸ்டாட்டின் கிளாவுருங் எஞ்சினிலிருந்து இத்தாலியரான மார்கோ கோஸ்டால்பா 2008-இல் பிரித்தெடுத்து வளர்த்தது அது. 2013-இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தைச் சமர்ப்பிக்கலாம். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுக்க, அந்த மாற்றம் வால்டின் சோதனைக்குப் போகும். முதலில் குறுகிய ஆட்டம், அடுத்து நீண்ட ஆட்டம், இரண்டிலும் தேறினால்தான் உள்ளே. இதுவரை நூற்றுக்கணக்கான கோடி ஆட்டங்கள் இப்படி ஆடப்பட்டிருக்கின்றன. ஸ்டாக்ஃபிஷின் பலத்துக்குக் காரணமாக யாராவது ஒரு மேதையின் பெயரைச் சொல்லச் சொன்னால் நான் சொல்லமாட்டேன். இந்தச் சோதனை முறையைத்தான் சொல்வேன். கிராண்ட்மாஸ்டருக்கு நியாயமாகப் படும் யோசனை தோற்கிறது, யாருக்கும் விளக்கத் தெரியாத ஒரு எண் மாற்றம் ஜெயிக்கிறது, இரண்டையும் ஒரே மாதிரி ஏற்கிறார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீக்கும் சோதனை. நிரலிலிருந்து ஒரு விதியை எடுத்துவிட்டு, எஞ்சின் கெடவில்லை என்பதை மட்டும் காட்டினால் போதும். அதற்காகக் கூற்றுகளை 0, 5 என்று வைக்காமல் −3, 1 என்று கீழே இறக்கி வெகுகாலம் நடத்தினார்கள். முன்பு தேறி உள்ளே நுழைந்த எத்தனையோ வரிகள், சுற்றியுள்ளவை மாறியதும் தேவையற்றுப்போய் இந்த வழியாக வெளியேறியிருக்கின்றன.

எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைக்காமல் மொத்தமாகச் சீர்செய்யவும் வழிகள் உண்டு. ஜேம்ஸ் ஸ்பால் 1992-இல் விவரித்த முறையில், எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் தற்செயலாகச் சிறிது மேலும் கீழும் தள்ளி இரண்டு பதிப்புகள் செய்து மோதவிடுவார்கள். ஜெயித்த பக்கம் எல்லா எண்களும் துளி நகரும். பல்லாயிரம் ஜோடி ஆட்டங்களில் தற்செயல் அடங்கி, திசை மட்டும் மிஞ்சும். மதிப்பீட்டு எண்களுக்கு பீட்டர் ஆஸ்டர்லுண்ட் தன் டெக்ஸல் எஞ்சினில் பயன்படுத்திய வழி இன்னும் சிக்கனமானது. எஞ்சின் ஏற்கெனவே ஆடிய ஆட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான நிலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எஞ்சினின் மதிப்பீடு அந்த ஆட்டத்தின் இறுதி முடிவை எவ்வளவு நெருங்கிச் சொல்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளி குறையும்படி எண்களைத் திருத்துவது. புது ஆட்டம் ஒன்றும் ஆட வேண்டாம். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018-இல் உருவாக்கிய சிறு நரம்பு வலை, 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12-இல் இடம்பெற்றது. அதன் பிறகு கையால் எழுதிய மதிப்பீட்டு எண்கள் பெரிய எஞ்சின்களிலிருந்து மறைந்தே போயின. தேடல் எண்கள் அப்படியே இருக்கின்றன. வலையைப் பயிற்றுவித்தாலும் அதுவும் வால்டின் கோட்டைத் தொட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தன் பழைய பதிப்போடு மோதிக் கிடைக்கும் எலோ, மற்ற எஞ்சின்களோடு மோதும்போது அதே அளவில் வராது, சுருங்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால், ஒன்றுக்குத் தெரிந்த ஒரு விஷயம் மற்றதற்குத் தெரியாதபோது அது ஒவ்வொரு ஆட்டத்திலும் குத்தும். ஆகவே பல மாற்றங்கள் சேர்ந்த பிறகு, உங்கள் எஞ்சினின் பலத்துக்கு அக்கம்பக்கமான நாலைந்து வேற்று எஞ்சின்களோடு ஆடவிட்டுப் பாருங்கள். சிசிஆர்எல் போன்ற தரவரிசைப் பட்டியல்களையும் வீட்டுக் கணினி வைத்திருக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். வேறு வேறு கணினிகளில் ஆடினாலும் எல்லோருக்கும் ஒரே அளவு யோசனை நேரம் வரும்படி, ஒரு குறிப்பிட்ட சில்லின் வேகத்துக்கு ஈடுகட்டிக் கடிகாரத்தை வைக்கிறார்கள்.

சொந்த எஞ்சின் எழுதும் எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் கணினி இதில் சேரலாம். ஃபிஷ்டெஸ்ட்டில் கணக்குத் தொடங்கி, அவர்கள் தரும் சிறிய மென்பொருளை இறக்கிக்கொண்டு, எத்தனை கோர் தரலாம் என்று சொன்னால் போதும். சோதனையை அதுவே வாங்கிக்கொள்ளும், இரண்டு பதிப்புகளையும் உங்கள் கணினியிலேயே கட்டியெழுப்பும், ஆட்டங்களை நடத்தி முடிவை அனுப்பும். ஆரம்பத்தில் கணினியின் வேகத்தை அளந்து அதற்குத் தக்கபடி ஆட்ட நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்வதால், ஓரளவு பழைய கணினியாக இருந்தாலும் ஒதுக்கமாட்டார்கள். ஒரு கோரை மட்டும் உங்களுக்கென்று விட்டுவையுங்கள்.